ஏற்காட்டுக்கு பஸ்சில் போகிறீர்களா?

"பஸ் அந்த ரோட்டில் போகும் சார். ஆனால் எதிரே ஒரு வண்டி வந்தால், பின்னாலும் போக முடியாது, முன்னாலும் போக முடியாது."

எங்கள் டிரைவர் இப்படிச் சொன்னார். பஸ்சில் 48 பேர் இருந்தோம். ஒருவர்கூட அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

அது மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் பணம் போட்டு, ஒரு பெரிய பஸ்சை வாடகைக்கு அமர்த்தி, சென்னையில் இருந்து ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். காலையில் ஏரியைப் பார்த்தோம். படகில் போனோம். பூங்காவில் குழந்தைகள் விளையாடினார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது.

மதியச் சாப்பாட்டுக்குத்தான் வினை வந்தது.

எங்களில் ஒருவருக்குத் தெரிந்தவர், மஞ்சக்குட்டை பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். "எல்லோரும் தோட்டத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று அவர் அழைத்திருந்தார். ஏரிக்கரையில் இருந்து ஜீப்பில் போகலாம் என்றார் டிரைவர். "பஸ்சுக்குத்தான் வாடகை கொடுத்தாகிவிட்டதே! ஜீப்புக்கு வேறு தனியாகக் கொடுப்பதா?" என்று கேட்டார், பணம் வசூலித்தவர்.

பஸ் புறப்பட்டது.

வழியை மறித்த பஸ்

இரண்டு பக்கமும் காப்பிச் செடிகள். அவற்றுக்கு நிழல் கொடுக்கும் உயர்ந்த மரங்கள். மரங்களில் மிளகுக்கொடி. நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்கு ரோடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு வளைவில் எதிரே ஜீப் வந்தது. அதில் ஓர் இளம்பெண் இருந்தாள். நிறைமாத கர்ப்பிணி. வலி எடுத்துவிட்டது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

எங்கள் பஸ் பின்னால் போக வேண்டும். ஆனால் பஸ்சுக்குப் பின்னால், "பெரிய பஸ் போகிறது, நாமும் போகலாம்" என்று நம்பி வந்த ஏழெட்டுக் கார்கள் நின்றன. ஜீப் பின்னால் போனால், பஸ் ஒதுங்குகிற இடம் வரும்வரை வெகுதூரம் போக வேண்டும்.

ஹாரன் சத்தம். கூச்சல். ஆளுக்கு ஒரு யோசனை. நிமிடங்கள் ஓடின.

கடைசியில் அந்தப் பெண்ணின் தாயும் இன்னொரு பெண்ணும் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பஸ்சுக்கும் வேலிக்கும் நடுவே இருந்த சந்து வழியாக, ஓர் அடி, ஓர் அடியாக நடத்தி அழைத்துவந்தார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வரிசையில் கடைசியாக நின்ற கார்க்காரர் நல்ல மனிதர். வண்டியைத் திருப்பி, அவளை ஏற்றிக்கொண்டு போனார்.

ஜீப்பில் வந்த பெரியவர் ஒருவர் எங்களிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"தம்பி, நீங்க ஒரு நாள் வந்துட்டுப் போயிடுவீங்க. எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு வழிதான்."

சாயங்காலம் டீக்கடையில் விசாரித்தோம். நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்களாம். எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் அன்று கற்ற பாடத்தை நான் மறக்கவில்லை. ஏற்காட்டில் எதைப் பார்ப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பஸ்சை எப்படி ஏற்றுவது, எங்கே நிறுத்துவது, எப்படி இறக்குவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்.

எப்படிப் போவது?

ஏற்காடு, சேலம் மாவட்டத்தில், சேர்வராயன் மலையில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,000 அடி உயரம். ஏரி, காடு என்ற இரண்டு சொற்களும் சேர்ந்துதான் ஏற்காடு ஆயிற்று என்பார்கள். "ஏழைகளின் ஊட்டி" என்ற செல்லப் பெயரும் அதற்கு உண்டு.

எந்த ஊரில் இருந்து வந்தாலும் முதலில் சேலத்துக்கு வர வேண்டும்.

சென்னைக்காரர்கள் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் வழியாக வரலாம். சுமார் 340 கிலோ மீட்டர்.

பெங்களூரில் இருந்து வருகிறவர்களுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், ஓமலூர் வழி. சுமார் 200 கிலோ மீட்டர். தொப்பூர் கணவாயில் ரோடு நீண்ட சரிவாக இறங்குகிறது. லாரிகள் மோதி பல விபத்துகள் நடந்த இடம் அது. மலை ஏறும் முன்பே அங்கே ஒரு எச்சரிக்கை கிடைத்துவிடும்.

கோவைக்காரர்கள் அவினாசி, பெருந்துறை, பவானி, சங்ககிரி வழியாக வரலாம். மதுரைக்காரர்களுக்கு திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழி.

சேலத்துக்குள் வந்ததும் அஸ்தம்பட்டியைக் கேளுங்கள். அங்கிருந்து கோரிமேடு வழியாக, கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டினால் அடிவாரம் வந்துவிடும்.

இந்த ஏற்காடு ரோட்டில்தான் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. டி.ஆர்.சுந்தரம் நிறுவிய படக் கம்பெனி. "மந்திரி குமாரி" (1950), "அலிபாபாவும் 40 திருடர்களும்" (1956) முதலிய படங்களை எடுத்த இடம். ஸ்டூடியோ போய்விட்டது. அதன் நுழைவாயில் வளைவு மட்டும் ரோட்டோரமாக நிற்கிறது. பஸ்சில் இருக்கும் பெரியவர்கள் அதைப் பார்த்ததும் பழைய கதைகளைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சொல்லட்டும். அடுத்து மலை வருகிறது.

20 வளைவுகள்

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோ மீட்டர்தான். ஆனால் அடிவாரத்தில் இருந்து மேலே போவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். கொண்டை ஊசி போலவே ரோடு போன திசைக்கே மடங்கித் திரும்பும். ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டிருக்கிறது. கீழே இருந்து 1, 2 என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

காருக்கு இந்த வளைவுகள் விளையாட்டு. பஸ்சுக்கு அப்படி இல்லை.

பெரிய சுற்றுலா பஸ் சுமார் 40 அடி நீளம். அது திரும்பும்போது முன் சக்கரம் போகிற தடத்தில் பின் சக்கரம் போவது இல்லை. பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே டிரைவர் முன்பக்கத்தை ரோட்டின் வெளி ஓரம் வரை கொண்டுபோய்த்தான் திருப்ப வேண்டும். அதாவது, பஸ் திரும்புகிற நேரத்தில் முழு ரோடும் அதற்கு வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளாத கார்க்காரர்கள், பஸ் வளைவில் இருக்கும்போதே ஓரத்தில் மூக்கை நுழைப்பார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் உள்பக்கமாக முந்தப் பார்ப்பார்கள். பின் சக்கரம் வந்து சேரும் இடமே அந்த உள்பக்கம்தான்!

வளைவில் பெரிய வண்டியைக் கண்டால், பத்து கெஜம் தள்ளி நின்றுவிடுங்கள். அரை நிமிடம் போதும். பஸ் போய்விடும்.

இன்னொரு விதி. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வது அல்ல. சட்டத்தில் எழுதியிருப்பது. ஏறுகிற வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டால், மறுபடி கிளப்புவது கஷ்டம். பின்னால் உருண்டுவிடும் ஆபத்தும் உண்டு.

இறங்குவதுதான் கஷ்டம்

"ஏறும்போது வண்டி கஷ்டப்படும். இறங்கும்போது டிரைவர் கஷ்டப்படுவான்" என்றார் எங்கள் டிரைவர்.

அது ஏன்?

பஸ், ஆட்கள், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்ந்து பத்து டன்னுக்கும் மேல் எடை. அந்த எடையை 3,000 அடிக்கு மேல் கீழே இறக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், உராய்வினால் பிரேக் சூடேறும். சூடு அதிகமானால் பிரேக்கின் பிடி குறைந்துவிடும். காலால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. காற்று பிரேக் உள்ள வண்டியில் அடிக்கடி மிதித்துக்கொண்டே வந்தால், காற்றழுத்தமும் குறையும்.

ஆகவே நல்ல டிரைவர்கள் எந்த கியரில் ஏறினார்களோ, அதே கியரில்தான் இறங்குவார்கள். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக், வளைவுக்கு மட்டும். டீசலை மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் விட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

பஸ்சில் ரப்பர் கருகுவதுபோல் வாசனை வந்தால், உடனே டிரைவரிடம் சொல்லுங்கள். அகலமான இடம் பார்த்து நிறுத்தி, பிரேக் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது. சூடான இரும்பு திடீரென்று குளிர்ந்து வெடித்துவிடலாம்.

இதையெல்லாம் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி மாலை, ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ், 13-வது வளைவுக்கு அருகே தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே உருண்டது. உயிர்கள் பறிபோயின. ஏராளமானவர்கள் காயம் அடைந்தார்கள். அவர்களில் பலர், வழக்கம்போல் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள்.

இன்னொரு வழி

ஏற்காட்டுக்கு இன்னொரு ரோடும் உண்டு. அதுதான் குப்பனூர் வழி. அயோத்தியாப்பட்டணத்தில் இருந்து அரூர் போகும் ரோட்டில் குப்பனூர் இருக்கிறது. அங்கே பிரிந்து மலை ஏறலாம். தூரம் கூடுதல். ஆனால் கூட்டம் குறைவு.

மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் நடக்கும்போது, போலீசார் ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடு செய்வது உண்டு. அப்போது சேலம் அடிவாரம் வழியாக ஏறுகிற வண்டிகள், குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். ஏறுகிற பஸ்சும் இறங்குகிற பஸ்சும் ஒரே வளைவில் முட்டிக்கொள்ளாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. புறப்படுவதற்கு முந்திய நாள், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தெரியாமல் வந்தால், அடிவாரத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

மழைக்காலத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பேய்மழை பெய்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. பாறைகள் உருண்டன. போக்குவரத்தை நிறுத்த வேண்டியது ஆயிற்று. மழை நின்ற மறுநாளே மலை பத்திரமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. ஊறிய மண் பிறகும் சரியும்.

பஸ்சை எங்கே நிறுத்துவது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே ஏறியதும் ஊர். ஒண்டிக்கடை, ஏரி, படகுத்துறை, அண்ணா பூங்கா எல்லாம் அருகருகே இருக்கின்றன. விடுமுறை நாளில் வருகிற வண்டிகள் எல்லாம் இங்கேதான் குவியும். ஒரு பஸ் ரோட்டோரமாக நின்று, 50 பேர் சாவகாசமாக இறங்கி, செருப்பைத் தேடி, குடத்தை எடுத்து, தலையை எண்ணி முடிப்பதற்குள், பின்னால் அரை மைலுக்கு வண்டி நின்றுவிடும்.

இதற்கு வழி ஒன்றுதான். இறக்கிவிடும் இடம் வேறு, நிறுத்தும் இடம் வேறு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி வளைவு வரும்போதே எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நின்றதும் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுங்கள். பஸ் உடனே நகர்ந்து, போலீசார் காட்டுகிற இடத்துக்குப் போய்விட வேண்டும். வளைவிலோ, பாலத்திலோ, கடைகளுக்கு முன்போ, தோட்டங்களின் வாசலிலோ நிறுத்தக்கூடாது. எங்கே, எத்தனை மணிக்கு மறுபடி ஏறுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். டிரைவரின் போன் நம்பரை ஒருவர் அல்ல, நாலு பேர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் எல்லா இடத்திலும் போன் எடுக்காது. ஆகவே இடமும் நேரமும் நிச்சயமாக இருப்பது நல்லது.

பஸ் நிற்கட்டும். நீங்கள் நடக்கலாம். ஏரியும் பூங்காவும் பக்கத்திலேயே உள்ளன. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தோட்டம் இருக்கிறது. அங்கே அபூர்வமான ஆர்க்கிட் செடிகளை வளர்க்கிறார்கள். கிளியூர் அருவி சுமார் 3 கிலோ மீட்டர். அங்கே எப்படியும் கடைசிப் பகுதியை நடந்துதான் இறங்க வேண்டும். லேடீஸ் சீட் என்ற இடத்தில் நின்றால் சேலம் நகரம் கீழே தெரியும். இரவில் விளக்குகள் நட்சத்திரங்களைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கும்.

சேர்வராயன் கோவில் மலையின் உச்சியில் இருக்கிறது. சுமார் 5,300 அடி உயரம். சேர்வராயனும் காவேரி அம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள். மலைவாழ் மக்களின் குலதெய்வம். மே மாதத்தில் திருவிழா. மலைக்கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். அந்த நாளில் கோவில் ரோட்டுக்கு பெரிய பஸ்சைக் கொண்டுபோவது, சாமி கும்பிட வருகிறவர்களின் வழியை அடைப்பதாகும். பகோடா பாயிண்ட், கரடியூர், மஞ்சக்குட்டை, நாகலூர் முதலிய ஊர்ப் பக்கங்களுக்கும் ஜீப், வேன், டாக்சி போன்ற சின்ன வண்டிகளே நல்லது.

"செலவு ஆகுமே?" என்பீர்கள். ஆகும். ஒரு ஜீப்பில் எட்டுப் பேர் போகலாம். பங்கு போட்டால் பெரிய தொகை இல்லை. அந்தப் பணம் மலையில் வாழ்கிற ஒரு டிரைவரின் வீட்டுக்குப் போகிறது. அவனுக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். எதிரே வருகிறவனும் தெரிந்தவன்தான். இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள்.

குதிரைக்குப் போட்ட பாதை

இந்த ரோடுகள் ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கின்றன?

ஏற்காடு உருவான காலத்தில் மோட்டாரே இல்லை. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இங்கே காப்பி பயிரிட வைத்தார். "கிரேஞ்ச்" என்ற பழைய பங்களா அவர் காலத்தது. அப்போது துரைகள் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலியைச் சுமந்தவர்கள் நம்மவர்கள். தோட்டங்களுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதைகளும் குதிரைப் பாதைகளும்தான் பிறகு தார் ரோடு ஆயின. தார் போட்டார்கள். அகலப்படுத்த இடம் இல்லை. ஒரு பக்கம் மலை. மறுபக்கம் பள்ளம்.

இந்தத் தொல்லை ஏற்காட்டுக்கு மட்டும் அல்ல. இங்கிலாந்தில் டர்ஹாம் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. 1093-ம் ஆண்டில் கட்டத் தொடங்கிய பெரிய மாதா கோவில் அங்கே குன்றின் மேல் நிற்கிறது. மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கோவிலுக்குப் போக இருப்பது ஒரே ஒரு குறுகலான தெரு. உலகம் எங்கும் இருந்து ஜனங்கள் வந்தார்கள். தெரு திணறியது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோவிலை இடிக்க முடியாது. தெருவை அகலப்படுத்த முடியாது. ஆகவே 2002-ம் ஆண்டில், அந்தத் தெருவுக்குள் வரும் வண்டிக்கு 2 பவுன் கட்டணம் போட்டார்கள். கோவில் வரை ஒரு சின்ன பஸ்சையும் விட்டார்கள். வண்டிகள் பெருமளவு குறைந்தன. ஜனங்கள் குறையவில்லை. கீழே இறங்கி நடந்து போனார்கள்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு நிலை வந்துவிட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு, 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் மாதம் முதல் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று நாமாக யோசிக்காவிட்டால், கோர்ட்டு யோசிக்க வேண்டியது வரும்.

புறப்படும் முன்

கடைசியாகச் சில யோசனைகள்.

மலை ஓட்டிப் பழகிய டிரைவர்தானா என்று கேட்டு பஸ் பிடியுங்கள். சமவெளியில் புலியாக இருக்கிறவர், மலையில் பூனையாகிவிடுவது உண்டு.

இரவு முழுவதும் ஓட்டி வந்தவரை, விடிந்ததும் மலை ஏறச் சொல்லாதீர்கள். சேலத்தில் இரண்டு மணி நேரமாவது தூங்கவிடுங்கள்.

வளைவில் தலை சுற்றி வாந்தி வருகிறவர்களுக்கு முன் இருக்கை கொடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக்கூடாது. கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

பாட்டுப் பெட்டியை மலைப்பாதையில் நிறுத்திவிடுங்கள். எதிரே வருகிற வண்டியின் ஹாரன் டிரைவருக்குக் கேட்க வேண்டும்.

குரங்குகளைப் பார்த்ததும் பஸ்சை நிறுத்தி, தின்பண்டம் வீசாதீர்கள். குரங்கு ரோட்டுக்கு வரும். பின்னால் வருகிற வண்டி அதன் மேல் ஏறும்.

இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். மாலையில் பனிமூட்டம் இறங்கினால், பத்தடி தூரத்தில் உள்ள வளைவுகூடத் தெரியாது. "இன்னும் ஒரே ஒரு இடம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு இடத்தை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

டிரைவரின் சாப்பாடு

அன்று மாலை நாங்கள் இறங்கியபோது, பஸ்சில் யாரும் பாடவில்லை. டிரைவரும் பேசவில்லை. இரண்டாவது கியரில், 20 வளைவுகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டினார். ஏறி வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுங்கி வழிவிட்டார்.

அடிவாரம் வந்ததும் பஸ்சை நிறுத்தினார். கீழே இறங்கி, நாலு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிச் சூடு பார்த்தார். பிறகு பெட்டிக்கடையில் ஒரு பன்னும் டீயும் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டார்.

தோட்டத்தில் எங்களுக்கு வாழை இலையில் விருந்து. அந்த நேரத்தில் அவர், ஒரு மைலுக்கு அப்பால், பஸ்சை ரோட்டோரமாகக் காப்பி வேலியை ஒட்டி ஒதுக்கி வைத்துக்கொண்டு, வருகிற போகிற வண்டிக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை.

பணம் வசூலித்தவர் மெதுவாக இறங்கிப் போய், "மன்னிச்சிடுங்க, உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்" என்றார்.

"பரவாயில்லை சார்" என்றார் டிரைவர். "அந்தப் பொண்ணு நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டாளே, அது போதும். அடுத்த தடவை வந்தால் ஏரிக்கரையிலேயே இறங்கிக்குங்க."

அடுத்த மே மாதம் மறுபடி போனோம். ஏரிக்கரையிலேயே இறங்கினோம். மஞ்சக்குட்டைக்கு ஆறு ஜீப்பில் போனோம். டிரைவரும் முதல் ஜீப்பில் எங்களோடு வந்து, இலை போட்டுச் சாப்பிட்டார்.